தொழிலும் யோகமும்

எம் கல்லூரி அன்னை விழாக்கோலம் பூண்டு நிற்கும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியன் ஒருவன் இத்தகைய மலர்களிலே எதனை எழுதுவான் என்பது எல்லாரும் அறிந்ததொன்று. சங்கச் சான்றோர் கண்ட அறம் என்றோ, கம்பன் கவிநயம் என்றோ தலைப்பிட்டு நான்கு பக்கங்களை நிரப்பிவிடலாம். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், சில திங்களுக்கு முன் கண்டி வாவிக்கரையிலே எம் பழைய மாணாக்கர் ஒருவரை எதிர்ப்பட்டதும், அவர் எம்மிடம் வினாவிய ஒரு வினாவும் எம் எண்ணத்தை வேறு திசையிற் செலுத்திவிட்டன.

அவர் இப்பொழுது ஒரு தனியார் நிறுவனத்திலே எழுதுவினைஞராக இருக்கின்றார். அந்நிறுவனத்தார் தம் ஊழியரின் ஆக்கத்திறனை வளர்க்கக் கருதி, வாரத்தில் ஒருநாட் காலை அரைமணி நேரம் யோகப் பயிற்சி நடத்துகின்றனராம். பயிற்சி முடிந்தவுடன் ஒவ்வொருவரும் தொழிலைச் சிறப்பிக்கும் புதிய யோசனைகள் மூன்றினைத் தாளில் எழுதிக் கொடுத்தல் வேண்டுமாம். "கண்ணை மூடினாற் புது எண்ணம் பிறக்கும் என்கின்றார்கள், சேர். எனக்கோ அந்த மூன்று யோசனைக்கு எங்கே போவது என்ற கவலைதான் பிறக்கின்றது. யோகத்தினால் உண்மையிலேயே ஆக்கத்திறன் வளருமா?" என்று அவர் கேட்டார். யாம் நகைத்து, ஆறுதலாகச் சொல்வோம் என்று கூறி விடைபெற்றோம். அன்று சொல்லாத விடையே இக்கட்டுரை.

யோகம் என்னுஞ் சொல்லை நம்மவர் இருவகையாக வழங்குகின்றனர். உழையாமலே பொருள் வந்து சேர்ந்தவனைப் பார்த்து, 'அவனுக்கு யோகம் அடித்தது' என்பர். இஃது ஒரு வழக்கு. மற்றையது முனிவர் நெறியைக் குறிப்பது. இணைத்தல், பூட்டுதல் என்னும் பொருளுடைய 'யுஜ்' என்னும் வடமொழி வேரிலிருந்து அச்சொல் பிறந்தது. எருதை நுகத்திற் பூட்டுதல் போல, அலைந்து திரியும் மனத்தை ஒரு பொருளிற் பூட்டி நிறுத்துதலே யோகம். ஈண்டு ஒன்று கருதற்பாலது. தன் மனத்திற்குத் தானே நுகம் பூட்டுவது யோகம். பிறர் கழுத்திலே நுகம் பூட்டுவதற்குப் பெயர் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தமையாலேயே எம் மாணாக்கரின் நிறுவனத்தார் இடர்ப்பட்டனர் என்பது எம் கருத்து.

பதஞ்சலி முனிவரும், நம் திருமூல நாயனாரும் யோகத்திற்கு உறுப்பு எட்டு என வகுத்தனர். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் இவ்வெட்டினையும் முறையே பேசுகின்றது. இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்கள் முதலில் நிற்கின்றன. உடலை வளைத்து நிமிர்த்தும் ஆசனம் மூன்றாவதாகவே வருகின்றது. தாரணை, தியானம், சமாதி என்னும் மனத்தொழில்கள் இறுதியில் உள்ளன. இன்று உலகெங்கும் பரவியிருப்பது பெரும்பாலும் அம்மூன்றாம் உறுப்பே. ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டு டிசம்பரில் யூன் 21ஆம் நாளை உலக யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் அது கொண்டாடப்பட்டு வருகின்றது. இந்திய அரசு 2021இல், கந்தோர்களிலே நாற்காலியிலிருந்து வேலை செய்வோர்க்கென ஐந்து நிமிடப் பயிற்சி ஒன்றை வகுத்து வெளியிட்டது. இவையெல்லாம் நல்லனவே. நாள் முழுதும் குனிந்திருந்த முதுகு ஐந்து நிமிடம் நிமிர்வதை எவரே வேண்டாமென்பர்? ஆயினும் முதுகு நிமிர்வது வேறு, கருத்துப் பிறப்பது வேறு. மன இறுக்கம் தளர யோகம் உதவும் என்பதற்குச் சான்றுகள் பல உள. அதனால் ஆக்கத்திறனும் நேராக வளரும் என்பதிலே ஆய்வாளர் முடிபுகள் ஒருமித்தன அல்ல.

அவ்வாறாயின் யோகத்திற்கும் ஆக்கத்திற்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. மிக நெருங்கிய தொடர்பு உண்டு. அதனைக் காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இக்கண்டிச் சீமையிலேயே அதற்கு விளக்கம் உளது.

சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களிலே கொழும்பில் வந்திறங்கிப் புகைவண்டியேறிக் கண்டிக்கு வந்தார் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. நியூயோர்க்கு நகரிலே அவர் ஆற்றிய இராசயோகச் சொற்பொழிவுகள் முந்திய ஆண்டிலேதான் நூலாகியிருந்தன. அவர் வந்து சென்ற ஆறாண்டுகளின் பின், 1903இல், தமிழ்க் குருதியுடைய இளைஞர் ஒருவர் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராகப் பொறுப்பேற்றுப் பேராதனைப் பக்கத்திலே தங்கினார். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரும், பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் மைத்துனருமாகிய ஆனந்த குமாரசுவாமியே அவர். 1877இல் கொழும்பிலே பிறந்து, இரண்டு வயதிலே தந்தையை இழந்து, இங்கிலாந்திலே தாயாரிடம் வளர்ந்து, நிலநூல் கற்றவர். 1904இல் தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்து விஞ்ஞான உலகிலே பெயர் பெற்றவர். கல்லை ஆராய வந்த அவர், கல்லைச் செதுக்குவோரையும் மரத்தைக் குடைவோரையும் கண்டார். கண்டியைச் சூழ்ந்த சிற்றூர்களிலே கொல்லர், தச்சர், தட்டார், சித்திரகாரர் ஆகியோரின் பட்டடைகளிலே சென்றிருந்து, அவர்கள் செய்வனவற்றையும் சொல்வனவற்றையும் குறித்துக்கொண்டார். அவர் துணைவியார் எதெல் அவற்றைப் புகைப்படமாக்கினார். அவ்வுழைப்பின் பயனே 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். வில்லியம் மோரிசு பயன்படுத்திய கையச்சுப்பொறியிலே, ஆசிரியரின் நேர்ப்பார்வையிலே, ஏறக்குறைய பதினைந்து மாதம் நின்று நிதானமாக அச்சிட்ட பிரதிகள் 425 மாத்திரமே.

அப்பெரியார் கண்டிக் கைவினைஞரிடம் கண்டது யாது? புதிது புதிதாக எதையாவது செய்துவிட வேண்டுமென்னும் பதைப்பு அவர்களிடம் இல்லை. சித்திரம் பயிலப் புகும் சிறுவன் முதலில் இரட்டை வளைவு ஒன்றையே திரும்பத் திரும்ப வரைந்து பழகுவான். கை அதிலே ஊறிய பின்னரே கொடியும் இலையும் பூவும் வரும். உருவங்களின் அளவையும் இலக்கணத்தையுங் கூறும் சாரிபுத்திரம், ரூபாவலி முதலிய வடமொழி நூல்களை மனனஞ் செய்து நெஞ்சிலே இருத்திக்கொள்வர். புத்தர் திருவுருவிற்குக் கண் திறக்கும் சடங்கையும் அந்நூல் விரித்துரைக்கின்றது. உருவம் முழுதும் முடிந்தபின், குறித்த முகூர்த்தத்திலே, கம்மியன் திருவுருவை நேரே நோக்காது, கண்ணாடியிலே தோன்றும் அதன் நிழலை நோக்கியவாறு கண்களை எழுதுவான். கை பின்னோக்கிச் செல்லக் கண் முன்னோக்கி நிற்கும் அந்நிலையிலே மனம் ஓர் இமைப்பொழுது அலைந்தாலும் கோடு பிழைத்துவிடும்.

பிற்காலத்தில் அமெரிக்காவிலே பொசுத்தன் அரும்பொருட்சாலையிற் பணியாற்றிய குமாரசுவாமி அவர்கள், இக்கருத்தை மேன்மேலும் ஆராய்ந்து, 1934இல் வெளியிட்ட 'கலையில் இயற்கையின் உருமாற்றம்' என்னும் நூலிலே தெளிவுற நிறுவினார். நம் நாட்டுச் சிற்பி உருவத்தை வெளியிலே பார்த்துப் பிரதிசெய்பவன் அல்லன். மனத்தின் அலைவை அடக்கி, தியானத்திலே உருவத்தை முழுமையாகக் கண்டு, கண்டதோடு தான் ஒன்றி, அதன் பின்னரே உளியை எடுப்பவன். சுக்கிரநீதியும் படிமம் வடிப்போனுக்குத் தியானயோகத்தையே வழியாகக் கூறுகின்றது. காளிதாசனின் மாளவிகாக்கினிமித்திர நாடகத்திலே ஒரு சுவையான இடமுண்டு. மாளவிகையை ஓவியத்திலே கண்டிருந்த அரசன், அவளை நேரிற் கண்டதும், ஓவியம் அவள் அழகை எட்டவில்லை என உணர்கின்றான். அக்குறைக்கு அவன் காட்டும் காரணம் ஓவியனுடைய தூரிகையன்று, வண்ணமன்று. அவனது சமாதி தளர்ந்துவிட்டது என்பதே. வரைபவனுடைய பிழையை யோகத்தின் பிழையாகவே அக்காலத்து அறிஞர் எண்ணினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கண்டிக் கம்மாளன் பதுமாசனமிட்டு மூச்சையடக்கியிருந்தான் என்று யாம் கூறவரவில்லை. அவனுக்கு அவன் தொழிலே ஆசனம். திரும்பத் திரும்பச் செய்த பயிற்சியே நியமம். நெஞ்சிற் கண்ட உருவமே தியானம். கீதை யோகத்தைத் தொழிற்றிறத்தோடு சேர்த்துப் பேசுவதும் இந்நோக்குப்பற்றியே எனக் கொள்ளலாம்.

எம் மாணாக்கரை ஒருமுறை எம்பெக்கைத் தேவாலயத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். பேராதனைக்கு மேற்கே கடலாதெனிய, இலங்காதிலகம், எம்பெக்கை என மூன்று கோயில்கள் அயலயலே உள்ளன. முதலிரண்டும் 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தன. கடலாதெனியவைக் கட்டிய கணேசுவராசாரி தென்னாட்டினர். இலங்காதிலகத்துப் பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் உளது. எம்பெக்கையின் மரத்தூண்களிலே மல்லரும் அன்னமும் இருதலைப் புள்ளும் கண்டு மகிழ்ந்த மாணவர், கூரையை அண்ணாந்து நோக்கியபோது வாயடைத்து நின்றனர். அங்கே 26 கைமரங்கள் வந்து குவிய, அவையனைத்தையும் ஒரே மரமுளை பற்றிக்கொண்டிருக்கின்றது. "இதை அவர் முதலிற் கடதாசியிலா கீறிப் பார்த்தார், சேர்?" என்று ஒருவன் கேட்டான். யாம் அறியோம். ஆயினும் முதல் மரத்தை வெட்டுமுன் அக்கூரை முழுதும் ஒருவனுடைய நெஞ்சிலே நின்றிருத்தல் வேண்டும். பல சிதறிய பொருள்களை ஒரு முளையிற் பிணிக்கும் அவ்வாற்றலையே யாம் ஆக்கத்திறன் என்கின்றோம். அதற்கு வேண்டும் ஒருமையே யோகம்.

இங்கிலாந்து அறிஞர் கிரகம் வாலசு 1926இல் எழுதிய நூலொன்றில், புதுக்கருத்து நான்கு படிகளிலே பிறக்கின்றது என்றார். முயன்று பொருளைத் திரட்டல், அதனை விட்டுச் சற்று ஓய்ந்திருத்தல், விளக்கம் தோன்றல், தோன்றியதைச் சரிபார்த்தல் என்பன அவை. இவற்றுள் யோகம் உதவுவது பெரிதும் இரண்டாம் படியிலேயே. முதற்படியில் ஒன்றுந் திரட்டாதவன் எத்துணை நேரம் கண்மூடியிருந்தாலும், உலையிலே அரிசியிடாமல் அடுப்பைக் காத்திருந்தவன் போலாவான்.

இதனை எம் வகுப்பறையிலே யாமே கண்டோம். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையினின்று வெளிவந்த தொடக்க ஆண்டுகளிலே, கட்டுரைப் பாடமென்றால் மாதிரிக் கட்டுரை ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது எம் வழக்கம். 'ஒரு மழைநாள்' என்று தலைப்புக் கொடுத்தால், முப்பத்தெட்டுக் கொப்பிகளிலும் கருமேகம் ஒரே சொல்லாற் சூழும். மயில் ஒரே வரியில் ஆடும். எம் மாணவருள் மயிலைக் கண்டவர் ஒருவரேனும் இருந்திலர். பிழை அவர்களதன்று, எமதே. பின்னர் ஒருநாள் மாதிரியை எழுதாது, எல்லாரையும் நிமிர்ந்திருக்கச் செய்து, மூச்சை அமைதியாக விடச் சொல்லி, தாம் கண்ட ஒரு மழையை மட்டும் மூன்று நிமிடம் மனத்திலே காணுமாறு கூறினோம். எழுதுவதற்கு முன் எவரும் பேசுதல் கூடாது, புள்ளியுங் கிடையாது. அன்று தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், லயத்துத் தகரக் கூரை ஒழுகும்போது தாய் வைக்கும் பாத்திரங்களை எழுதியிருந்தான். சட்டியில் விழும் துளிக்கு ஓரோசை, வாளியில் விழுவதற்கு வேறோசை. அவற்றை எண்ணிக்கொண்டே தான் உறங்கிவிடுவதாக முடித்திருந்தான். இருபது ஆண்டு தமிழ் கற்பித்ததில் யாம் பெற்ற பெரும் பரிசுகளுள் அக்கொப்பியும் ஒன்று.

அதனால் எல்லாரும் எழுத்தாளர் ஆகிவிட்டனரோ எனின், இல்லை. சொல்வளம் இல்லாதவர் கண்டும் எழுத மாட்டாது தவித்தனர். அவர்க்கு இலக்கணமும் வாசிப்பும் முன்னரே தந்திருத்தல் வேண்டும் என்பதை உணர்ந்தோம். மற்றொரு நாள் இவ்வாறே கண்மூடியிருந்த சிறுவன் ஒருவனை, என்ன கண்டாய் என்று வினாவினோம். "ரொட்டி, சேர்" என்றான். வகுப்பு நகைத்தது. அவன் அன்று காலை ஒன்றும் உண்டிலன் என்பதைப் பின்னரே அறிந்தோம். பசித்த வயிற்றோடு இருப்பவனைப் பார்த்துக் கண்ணை மூடித் தியானி என்பது அறமாகாது என்பதை அச்சிறுவன் எமக்குக் கற்பித்தான்.

ஆதலின் மீண்டும் கண்டிக் கைவினைஞரிடம் செல்வோம். அவர்கள் அவ்வாறு ஒன்றித் தொழில் செய்யக் கூடியதாயிருந்தது எவ்வாறு? குமாரசுவாமி அவர்கள் இதனை மறவாது எழுதினார். அரசனுக்கும் கோயிலுக்கும் தொழில் செய்தோர்க்குக் கூலியாக நிலம் இருந்தது. வயலிலே நெல் இருந்தது. நாளைக்கு உணவு உண்டா என்ற அச்சமின்றி, ஒரு தூணுக்கு எத்துணை நாள் வேண்டுமோ அத்துணை நாளையும் அதற்கே அளித்தனர். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின் புரவலர் இலராயினர். இராசகாரிய முறையும் 1832இல் நீக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. தொழிலைப் பிறப்போடு பிணித்த அப்பழைய ஒழுங்கினை மீட்க வேண்டுமென்று எவரும் விரும்பார், யாமும் விரும்போம். ஆயினும் அவ்வொழுங்கோடு ஓர் உண்மையும் போய்விட்டது. தொழிலாளிக்கு அச்சமற்ற வாழ்வும் அவசரமற்ற பொழுதும் அளித்தாலன்றி, அவனிடம் அழகிய தொழிலை எதிர்பார்த்தல் ஆகாது என்பதே அது.

இவ்வுண்மையை மறுதலையாக உணர விரும்புவோர், நம் நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளைப் பார்க்கலாம். 1867இல் லூல்கொந்துரைத் தோட்டத்திலே யேம்சு தெயிலர் தேயிலையைப் பயிரிட்ட நாள்முதலாக, நம் பெண்மக்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தெடுத்து வருகின்றனர். படங்கைக் கட்டிக்கொண்டு சரிவிலே நிற்கும் அவ்வம்மையாரின் கண்ணும் கையும் மனமும் ஒன்றியிருப்பதைக் காண்போர், ஒருமையென்பது யாதென அறிவர். திறமை உண்டு, ஒருமையும் உண்டு. ஆயின் நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர் என்னும் அச்சம் முதுகிலே கூடையோடு ஏறியிருக்கின்றது. தன் தொழிலை இவ்வாறு செய்யலாம், அவ்வாறு மாற்றலாம் என்று சொல்ல அவரை எவரேனும் கேட்டதுண்டா? ஒருமை மாத்திரம் ஆக்கமாகிவிடாது. நுகம் பிறர் கையில் இருக்கும்வரை அது வெறும் உழைப்பாகவே நின்றுவிடும்.

எனவே எம் மாணாக்கருக்கு யாம் கூறும் விடை இது. யோகத்தால் ஆக்கத்திறன் வளரும். மூன்று துணைகள் உடனிருப்பின் வளரும். தொழிலறிவு முன் நிற்றல் வேண்டும். வாழ்வுக்கு அச்சமின்மை உடன் நிற்றல் வேண்டும். கண்டதைச் செய்துபார்க்கும் உரிமை பின் நிற்றல் வேண்டும். இம்மூன்றும் இல்லாவிடத்து யோகம், களைத்த எருதினை மேலும் ஒரு சால் இழுக்கச் செய்யும் தந்திரமாகவே முடியும். யோசனை மூன்று தருக என்று முன்கூட்டியே கணக்குக் கேட்பின், மனம் அமைதியிலே தங்குவதெங்ஙனம்? விதையை நட்ட மறுகணமே தோண்டிப் பார்ப்பவன் முளையைக் கண்டதில்லை.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் இன்று வங்கிகளிலும் கந்தோர்களிலும் தோட்டங்களிலும் பாடசாலைகளிலும் பிறரை நடத்தும் நிலையில் இருக்கின்றீர்கள். உங்களிடம் யாம் உரிமையோடு வேண்டுவது சிறிதே. உங்கள் கீழ்ப் பணிபுரிவோர்க்கு நாளொன்றுக்குக் கால்மணி நேரம் அமைதியை அளியுங்கள். விரும்புவோர் ஆசனஞ் செய்யட்டும், விரும்புவோர் இறைவனை எண்ணட்டும், விரும்புவோர் சாளரத்தின் வழியே வெளியே பார்த்திருக்கட்டும். அதற்குக் கணக்குக் கேளாதீர்கள். அவர்கள் பின்னர் ஏதேனும் சொல்ல வரும்போது மட்டும் செவி கொடுங்கள். பாடசாலைகளிலே ஐந்தாந் தரத்துப் பிள்ளையைப் புலமைப்பரிசில் என்னும் நுகத்திற் பூட்டி இரவும் பகலும் ஓட்டும் பெற்றோரும், அதற்குத் துணைபோகும் எம்போன்ற ஆசிரியரும், இவ்விண்ணப்பத்தைத் தமக்கும் உரியதாகக் கொள்வாராக.

எம் மாணாக்கரை அடுத்தமுறை வாவிக்கரையிலே காணும்போது இக்கட்டுரையை அவர் கையிற் கொடுப்போம். அவர் அதைத் தம் மேலதிகாரியிடம் நான்காவது யோசனையாகக் கொடுப்பாராயின் மகிழ்வோம். கற்பித்த கல்லூரியையும் கற்ற மாணவரையும் எல்லாம்வல்ல இறைவன் காப்பானாக.